தேன்மொழிக்கு, வியாசர்பாடியிலிருந்து

அன்புள்ள தேன்மொழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழை விட்டுவிட்டது, கணேசபுரம் சுரங்கப்பாதையில் மட்டும் வழக்கம்போல் தண்ணீர். உன் சித்தப்பாவுக்குச் சர்க்கரை குறையவில்லை. சொன்னால் கேட்கிற மனிதரா அவர்? பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் யாராவது வருவதாக இருந்தால் சொல். வேளைக்குச் சாப்பிடு. நேரத்துக்குத் தூங்கு.

வியாழக்கிழமைகளில் நீ போனை எடுப்பதில்லை. அலுவலக வேலை என்றுதான் நினைத்திருந்தேன். போன ஞாயிறு பாப்பா சொன்னாள், அம்மா ஒரு ஆன்ட்டியிடம் பேசிவிட்டு வந்து வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று. குழந்தையைத் திட்டாதே, நான்தான் கிண்டிக் கிண்டிக் கேட்டேன். மாப்பிள்ளையிடமும் கேட்டேன். பாவம், பொய் சொல்ல வராத மனிதர், லண்டன் குளிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. பெற்றவளிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு மனநல ஆலோசகரிடம் காசு கொடுத்துச் சொல்கிறாயே. யாரிடமும் நான் மூச்சு விடவில்லை, சித்தப்பாவிடம்கூட. 1871இலிருந்து கீழ்ப்பாக்கத்தில் மனநல மருத்துவமனை இருக்கிறது, நம் ஜனங்கள் அந்த ஊரின் பெயரை இன்னும் வசவாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

மாடி வீட்டுப் பெண் மனநலச் சமூகப் பணி படித்தவள். யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன். அடிபட்ட மனதைத் தொடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல மாட்டார்களாம். இன்றைக்கு என்ன பேசப்போகிறோம் என்று முதலில் சொல்வார்கள், போதும் என்றால் நிறுத்துவார்கள், கதவருகே உட்கார வேண்டுமென்றால் உட்காரலாம். ஆஸ்பத்திரியில் காயத்துக் கட்டைப் பிரிக்கும் முன்பு நாங்களும் நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பிரிப்போம். அதனால் எனக்கு அது புரிந்தது. நீ சொல்வது அந்த அறையை விட்டு வெளியே போகாது, யார் உயிருக்காவது ஆபத்து என்றாலோ சட்டம் கேட்டாலோதான் பிறரிடம் சொல்வார்கள் என்றாள். அதை மட்டும் நான் இரண்டாம் முறையும் கேட்டுக்கொண்டேன்.

முதலில் போன இடத்தில், அம்மாவிடம் தினமும் பேசுவதுதான் உன் நோய் என்றார்களாமே? இது ஒன்று மட்டும் மாப்பிள்ளை வாயிலிருந்து வந்துவிட்டது. நல்ல வேளை, எழுந்து வந்துவிட்டாய். என் மகள்! வீட்டோடு ஒட்டிக்கொண்டு வாழ்வதே கோளாறு என்று பார்க்கிறவருக்கு நம் வீட்டைப் பற்றி என்ன தெரியும்? மாடி வீட்டுப் பெண் சொன்னாள், அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் மனநோய்களைக் கண்டறிய 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டிலேயே, வீடு, பண்பாடு பற்றிக் கேட்கவென்று 16 கேள்விகள் இருக்கின்றனவாம். இந்தத் தொல்லையை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள், இது எதனால் வந்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள், உங்கள் பின்னணியில் எது இதைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது, இப்படி. நீ பார்க்கிற அந்த அம்மாள் இதையெல்லாம் கேட்டாரா? கேட்காவிட்டால் கேட்கச் சொல். சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றோடு போகாதே.

கேட்டால் என்ன சொல்வாய்? உனக்குப் பாதிதான் தெரியும். எழுதிக்கொள்.

என்னைப் பெற்றவர், உன் ஆயா. அவருடைய அம்மா பர்மாக்காரர், அப்பா நம் ஆள். ரங்கூனில் ஆயாவைக் கலா, அதாவது இந்தியாக்காரி, என்றார்கள், இங்கே வந்தபின் பர்மாக்காரி என்றார்கள். 1962இல் ராணுவத் தளபதி நெ வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் மொகல் தெருவிலிருந்த தாத்தாவின் கடை அரசுடைமை ஆனது, மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மறு வருடம் கப்பல். ஏறும்போது என் காதிலிருந்த தோட்டைச் சுங்கக்காரர் கழற்றினார். திருகு இறுகிக்கொண்டது, ஆயாவே எச்சில் தொட்டுத் திருகி எடுத்துக் கொடுத்தார். அழவில்லை. வியாசர்பாடிக்கு வந்த பிறகும் அழுது நான் பார்த்ததில்லை. கன்னத்தில் பர்மாக்காரர்களின் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு குழாயடிக்குப் போவார், தெருவே சிரிக்கும், மறுநாளும் பூசிக்கொண்டுதான் போவார். பிள்ளையார் பக்கத்தில் ஒரு சின்ன புத்தர் இருந்தாரே, அதை யாருக்கும் விளக்கியதில்லை. ஆனால் சாகும்வரை தலைமாட்டில் ஒரு துணி மூட்டை வைத்திருந்தார். ரேஷன் அட்டை, மறுவாழ்வுக் கடன் காகிதங்கள், ஒரு மாற்றுப் புடவை. ராத்திரி கூட்ஸ் வண்டி முட்டுகிற சத்தம் கேட்டால் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் பக்கத்தில்தான் நீ பத்து வயது வரை படுத்தாய்.

போன தடவை வந்தபோது பாஸ்போர்ட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாய். படுக்கையைத் தட்டும்போது பார்த்தேன். உன் பிறந்த வீட்டில், தேன்மொழி. அதையும் அந்த அம்மாளிடம் சொல்.

மாப்பிள்ளையின் தாத்தாவும் ஜமைக்காவிலிருந்து கப்பலில் வந்தவர்தான். பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் நீ எந்த ஊர் என்று கேட்கிறார்களாம், அவள் என்னிடம் வந்து எந்த ஊர் ஆயா என்கிறாள். கேட்கிறவர்களுக்கு நேரம் இருந்தால் எல்லா ஊரையும் சொல் என்று சொல்லியிருக்கிறேன். கெட்டிக்காரி, உன்னைப்போல் இல்லை, வாய் திறந்து பேசுகிறாள்.

கப்பலைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபம். மணலி வீட்டைப் பற்றி அந்த அம்மாள் கேட்கிறாரா? கேட்காமல் இருப்பாரா. பர்மாக் கதையைச் சொல்லி அதை மூடிவிட வேண்டாம், நான் இவ்வளவு நேரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. உன் அப்பா இப்போது இல்லை. என் மானம் போய்விடும் என்று பார்க்காதே. சொல்லலாமா என்று என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் என் வாயில் வரும். அதனால் என்னைக் கேட்காதே.

வியாழக்கிழமை நான் போன் செய்ய மாட்டேன். வெள்ளிக்கிழமை நீ செய். என்ன பேசினீர்கள் என்று கேட்க மாட்டேன், சாப்பிட்டாயா என்று கேட்பேன், அதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பாப்பாவுக்கு முத்தம்.

அம்மா