டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். "இனிமே இங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துக்கோங்க" என்று அனுப்பப்படும் புற்றுநோயாளிகளைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலேயே, குணப்படுத்த முடியாதவர்களின் வலியையும் அவதியையும் குறைக்கிற நோய் ஆதரவு சிகிச்சை இருக்கிறது. எங்கள் வீட்டுக்கும் செவிலியர் வந்தார். புண்ணுக்குக் கட்டுப் போட்டார், அம்மாவிடம் ஆறுதலாகப் பேசினார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு. அம்மாவின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முதுகெலும்புவரை பரவியிருந்தது. நகரத்துப் பெரிய மருத்துவமனையில் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின் மாத்திரை எழுதினார்கள். வலி கூடியதும் டாக்டர் டோஸைக் கூட்டினார். மருந்து கொடுக்கிற இடத்தில் பழைய அளவுக்கே எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். டோஸ் மாறியது செவிலியருக்குத் தெரியாது, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மாத்திரை தீர்ந்தது. உள்ளூரில் ஸ்டாக் இல்லை. பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்தால், "திங்கட்கிழமை ஓபிக்கு வாங்க, பேஷன்ட்டையும் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். புரண்டு படுக்க முடியாதவரைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டுமாம்.

சனி, ஞாயிறு இரண்டு ராத்திரியும் அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு கிடந்தார். பக்கத்து வீட்டில் பப்ளிக் பரீட்சைக்குப் படிக்கிற பையன் இருந்தான்; சத்தம் கேட்டால் அவனுக்குத் தொந்தரவாம்.

வலியில் கிடப்பவர்களுக்கு மார்ஃபின் எளிதாகக் கிடைக்கட்டும் என்றுதான் 2014-இல் போதைப் பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். சட்டம் இளகியது. மாத்திரை எப்போது தீரும் என்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள்தான் இல்லை.

நான் கேட்பது அந்த ஓர் ஆளைத்தான். வீட்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பொறுப்பாளர். டாக்டராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற நர்ஸோ சமூகப் பணியாளரோ போதும். டோஸ் மாறினால் உள்ளூர் செவிலியருக்குச் சொல்ல வேண்டும். மாத்திரை தீரும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். கடைசி நேரத்தில் மூச்சுத் திணறும்போது 108-ஐக் கூப்பிடுவதா, வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்று குடும்பத்தோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும். அப்புறம், வீட்டில் இறந்தவருக்கு எந்த டாக்டரிடம் சான்று வாங்குவது என்பதையும் அவரே சொல்லட்டும். எல்லாம் முடிந்த வீட்டில் அதற்கு அலைகிற கொடுமை தனிக்கதை.

இப்போது இந்த வேலையெல்லாம் யார் செய்கிறார்கள்? மகளோ மருமகளோ, சம்பளமில்லாமல், பயிற்சியில்லாமல். 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு பிரசாரம் செய்தது. எங்களைப் போன்ற வீடுகளில் மஞ்சப்பை எங்கேயும் போகவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. உங்கள் துறையின் ஒரு பிரிவு இன்னொரு பிரிவோடு பேசிக்கொள்வதும் அந்தப் பை வழியாகத்தான்.

பக்கத்திலிருக்கும் கேரளம் நோய் ஆதரவு சிகிச்சைக்கென்று 2008-லேயே தனிக் கொள்கை கொண்டுவந்து, உள்ளாட்சிகள் வழியாகவே வீட்டுக்கு நர்ஸ் அனுப்புகிறது. நம்மிடம் செவிலியரும் இருக்கிறார், வண்டியும் இருக்கிறது. சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது, டிஸ்சார்ஜ் சீட்டில் பொறுப்பாளரின் பெயரையும், சனி ஞாயிறிலும் எடுக்கிற ஒரு போன் நம்பரையும் எழுதித் தர உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். "எண் ஒன்றை அழுத்தவும்" என்று சொல்கிற நம்பர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மகள்