சனிக்கிழமைகளைத் தந்தவர்களுக்கு நன்றி

பல்கலைக்கழக நூலகத்தில் 22 வருடமாக நூலகராக இருக்கிறேன். புதிதாக ஓர் ஆய்வேடு வந்து சேர்ந்தால் நான் முதலில் புரட்டுவது நன்றியுரைப் பக்கத்தைத்தான். நமக்கும் இப்படி ஒரு பக்கம் எழுத ஒரு காரணம் வாய்க்காதா என்று பலமுறை நினைத்ததுண்டு. போன வாரம் வாய்த்துவிட்டது. பாய்மரப் படகில் மூன்று நாள் பயணம், துணைக்கு இரண்டு பேர், படகின் பொறுப்பு முழுக்க என்னுடையது. நல்லபடியாகப் போய்த் திரும்பிவிட்டோம்.

முதல் நன்றி என் பயிற்சியாளருக்கு. அவரிடம் போவதற்கு முன் நிறையப் படித்திருந்தேன். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் படகோட்டம் ஒரே அடுக்கில் இருக்காது: விளையாட்டு 797, கடலோடும் தொழில் 623, காற்றும் கடலும் 551, விண்மீன் பார்த்து வழி அறிவது 527. நான்கையும் ஒரு விடுமுறை முழுக்கப் படித்து, காற்றுக்கு நேர் எதிராகப் படகு போகாது, ஏறத்தாழ 45 பாகை விலகி வலமும் இடமுமாக மாறி மாறித்தான் முன்னேற வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் காற்றின் திசை மாறுவதை உடம்பு எப்படி அறிகிறது? அவர் ஒரு துணியால் என் கண்ணைக் கட்டி, சுக்கானைக் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம். கன்னத்தில் படும் காற்றும் பாய் படபடக்கும் சத்தமும் மட்டும்தான் வழிகாட்டி. இன்றும் நான் அப்படித்தான் ஓட்டுகிறேன், கண் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது மீட்புப் படகில் வந்த இருவருக்கு. கற்றுக்கொள்ளத் தொடங்கி மூன்றாவது வருடம், காற்றின் வலிமையை எண்ணால் சொல்லும் போஃபர்ட் அளவில் 4 என்று நம்பிக் கிளம்பிய காற்று 5 ஆகிவிட்டது, அதாவது மணிக்கு 17 முதல் 21 கடல் மைல் வேகம். படகு கவிழ்ந்தது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை மேல் ஏறி நின்று மூன்று முறை நிமிர்த்திப் பார்த்தேன், முடியவில்லை. நீந்திக் கரைக்குப் போய்விடலாம் என்று தோன்றியபோது, "படகை விடாதீங்க, பிடிச்சுக்கிட்டே இருங்க" என்று கத்திக்கொண்டே வந்து, முன்பக்கத்தைக் காற்றை நோக்கித் திருப்பிப் பிடித்தீர்கள். நாலாவது முறை நிமிர்ந்துவிட்டது. திட்டவே இல்லை நீங்கள். அடுத்த சனிக்கிழமை சீக்கிரம் வாருங்கள் என்று மட்டும் சொன்னீர்கள். அன்று திட்டியிருந்தால் நான் திரும்பி வந்திருக்கவே மாட்டேன்.

அப்புறம் ஓர் ஆய்வு மாணவி. பழைய கப்பல் குறிப்பேடுகளைத் தேடி உசாத்துணை மேசைக்கு வந்தார். 1750க்கும் 1850க்கும் இடைப்பட்ட குறிப்பேடுகளைத் தொகுத்து அக்காலத்துக் காற்றையும் தட்பவெப்பத்தையும் கணிக்கிறார்கள். அவற்றில் காற்றின் வலிமை பெரும்பாலும் எண்ணாக இருக்காது, சொல்லாக இருக்கும். ஒரு காற்றுக்கு எத்தனை பாயைச் சுருக்கியிருப்பார்கள், ஏன் சுருக்கியிருப்பார்கள் என்று அவர் கேட்டபோது, அதே வேலையை முந்தின சனிக்கிழமைதான் என் கையால் செய்திருந்தேன், எங்கள் பேச்சு இரண்டு மணி நேரம் நீண்டது. அவருடைய நன்றியுரையில் என் பெயர் இருக்கிறது. ஆனால் நன்றி சொல்ல வேண்டியவள் நான்தான் அம்மா. நூலகமும் படகும் அதுவரை எனக்கு இரண்டு வாழ்க்கையாக இருந்தன.

நூலகங்களுக்கிடையே இரவல் பிரிவில் இருக்கும் நண்பர்களுக்கும், ஈர உடைகளோடு வீட்டுக்குள் வந்தபோதெல்லாம் முகம் சுளிக்காத என் வீட்டாருக்கும் நன்றி.

கடைசியாக, ஒன்பது வருடமாக என் சனிக்கிழமை மேசைப் பணியை வாங்கிக்கொண்ட தோழிக்கு. கணக்கு வைக்காதே என்று நீ சொன்னாய், நான் வைத்திருக்கிறேன். தேர்வுக் காலம் தொடங்குகிறது, இந்த மாதச் சனிக்கிழமைகள் எல்லாம் என்னுடையவை. அட்டவணையில் பெயரை மாற்றிவிட்டேன், நீ வராதே.