ஸ்டார்போர்டு என்றால் யாருடைய வலது?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. வீட்டு வேலை முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். கிரகப்பிரவேசத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிடுவோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி போட்டுப் பேப்பர் படிக்கிறார்.

அப்புறம் உன் மகன் விஷயம். கப்பலில் இடது, வலது என்று சொன்னால் போதாதா, எதற்கு போர்ட், ஸ்டார்போர்டு என்று கேட்டிருந்தாய். இடது வலது ஆளைப் பொறுத்தது. நான் திரும்பி நின்றால் என் வலது மாறிவிடும். ஸ்டார்போர்டு கப்பலுக்கே சொந்தம், முன்முனையைப் பார்த்து நிற்கும்போது வலக்கை வரும் பக்கம், நீ எந்தப் பக்கம் முகம் வைத்திருந்தாலும் அது மாறாது. வட ஐரோப்பாவின் பழைய கப்பல்களில் சுக்கான் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால் வந்த பெயர் அது. இடப்பக்கத்துக்கு முன்பு லார்போர்டு என்றுதான் பெயர். காற்றிலும் இரைச்சலிலும் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும் என்பதால், 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை போர்ட் என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது.

இருட்டில், கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜில் நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும். கேப்டன் "ஸ்டார்போர்டு டென்" என்பார், அதாவது சுக்கானை வலப்பக்கம் பத்து டிகிரி திருப்பு என்று, சுக்கான் பிடிப்பவன் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு வீலைத் திருப்புவான், சுக்கானின் கோணத்தைக் காட்டும் முள் பத்து டிகிரியில் வந்து நின்றதும் இன்னொரு முறை சத்தமாகச் சொல்வான். இத்தனை வருஷம் நான் செய்த வேலை இதுதான், இதில் ஒரு வார்த்தைகூட அதிகம் கிடையாது.

இன்னொன்றும் அவனுக்குச் சொல். 1912-இல் பனிப்பாறையைக் கண்டதும் டைட்டானிக்கில் கொடுத்த உத்தரவு "ஹார்ட் எ ஸ்டார்போர்டு", அதாவது முழுக்க ஸ்டார்போர்டு பக்கம், ஆனால் கப்பல் திரும்பியது இடப்பக்கம். அதில் தவறு ஒன்றுமில்லை. அந்தக் காலத்து உத்தரவு சுக்கானின் கைப்பிடிக் கட்டைக்கானது. கட்டை வலப்பக்கம் போனால் கப்பல் இடப்பக்கம் திரும்பும். கட்டை போய் வீல் வந்த பிறகும் அதே வழக்கம் நீடித்தது, பிரிட்டிஷ் கப்பல்களில் 1933-இல்தான் மாற்றினார்கள். கப்பல் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதையே சொல்லும் இன்றைய முறைதான் சரி என்பேன்.

விளக்குகளையும் அவன் மனப்பாடம் செய்யட்டும்: போர்ட் சிவப்பு, ஸ்டார்போர்டு பச்சை. இரவில் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் கப்பலின் சிவப்பு தெரிந்தால், வழிவிட வேண்டியது நாம்தான். லீவில் வரும்போது இங்கே ஒரு வாரம் அனுப்பி வை, மற்ற விதிகளை நான் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
ராஜன்