கைகாட்டியில் உள்ள நேரம் பிள்ளைகளின் நேரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கோடை விடுமுறைப் பக்கத்தில் சுவிஸ் தேசியப் பூங்காவின் ட்ருப்சுன் பள்ளத்தாக்கைப் பற்றி வந்த குறிப்பு, 'போய்வர நாலு மணிநேரம், சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்றது' என்று முடிந்திருந்தது. பள்ளத்தாக்குத் தெரிவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நாலு மணிநேரத்தை நம்பிப் பிள்ளைகளோடு மத்தியானம் போய் இறங்குகிற குடும்பம்தான் அவதிப்படும்.

அந்த நாலு மணி கைகாட்டி நேரம். நடைபாதைகளில் நிற்கும் மஞ்சள் கைகாட்டிகளில் எழுதியிருப்பது, நல்ல நடையுள்ள வளர்ந்தவர் ஒருவர் இடையில் நிற்காமல் நடந்தால் பிடிக்கும் நேரம். சமதரையில் மணிக்கு ஏறக்குறைய 4.2 கிலோமீற்றர் என்ற வேகத்தை வைத்துத்தான் சுவிஸ் முழுவதும் அதைக் கணக்கிடுகிறார்கள். சாப்பாடு, இளைப்பாறல், சப்பாத்துக்குள் போன கல்லை எடுப்பது எதுவும் அதில் சேராது. பாதி வழியில் மர்மொட் என்ற மலை அணில் ஒன்று வளையிலிருந்து தலையை நீட்டினால் எந்தப் பிள்ளை நகரும்?

வீட்டிலேயே கணக்குப் போடலாம். 4 கிலோமீற்றருக்கு ஒரு மணி. 300 மீற்றர் ஏற ஒரு மணி, 500 மீற்றர் இறங்க ஒரு மணி. தூரத்துக்கான நேரம், ஏற்ற இறக்கத்துக்கான நேரம் இரண்டில் கூடியதை முழுதாகவும் குறைந்ததைப் பாதியாகவும் எடுத்துக் கூட்டவேண்டும். ஸ்-சான்ஃப் ஊருக்கு அப்பால் உள்ள வாகனத் தரிப்பிடத்திலிருந்து பள்ளத்தாக்கின் மேற்புறப் புல்வெளியான ஆல்ப் ட்ருப்சுன் போய்வர சுமார் 14 கிலோமீற்றர். ஏற்றம் ஏறக்குறைய 400 மீற்றர், இறக்கமும் அவ்வளவே. தூரத்துக்கு மூன்றரை மணி. ஏற்ற இறக்கத்துக்கு இரண்டு மணிக்குச் சற்றுக் கூட, அதில் பாதி ஒரு மணி. ஆக நாலரை. ஏழு எட்டு வயதுப் பிள்ளை கூட வந்தால் இதை ஒன்றரையால் பெருக்குங்கள்: ஏழு மணிக்குக் கிட்ட வரும். இளைப்பாறலுக்கு ஒரு மணி சேர்த்தால் எட்டு. காலை எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கினால் பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பி வரலாம். பதினொன்றுக்குத் தொடங்கினால் ஏழு மணி; ரயில் நிலையம் வரை நடக்க வேண்டியவர்களுக்கு அதற்கும் மேல். செப்டெம்பர் கடைசியில் அந்நேரம் பள்ளத்தாக்கில் இருட்டத் தொடங்கிவிடும்.

அதனால் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ளவர்கள் பூங்காவின் வாசலில் இருக்கும் வருஷ் குடிலை எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. ஆற்றோரமான, அகலமான பாதை. அங்கே சாப்பிட்டு, காலில் வலு இருந்தால் பூங்காவுக்குள் இன்னும் அரை மணி நடந்துவிட்டுத் திரும்பலாம். மேலே 2040 மீற்றரில் உள்ள ஆல்ப் ட்ருப்சுன் வரை போனால்தான் மிருகம் தெரியும் என்றும் இல்லை. சிவப்பு மான், மலையாட்டு இனங்களான ஷாமுவா, ஐபெக்ஸ் மூன்றும் உள்ள பள்ளத்தாக்கு அது. எதிர்ச் சரிவில் மர எல்லைக்கு மேலுள்ள புல்வெளிகளை 8 மடங்கு தொலைநோக்கியால் இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தாலே அகப்படும். செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் தொடக்கம் வரை கடா மான்கள் துணை தேடி உறுமும் காலம். கூட்டமும் அப்போதுதான் அதிகம்.

பாதையின் நிறத்தையும் உங்கள் குறிப்பு சொல்லாமல் விட்டுவிட்டது. வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதை: செங்குத்தும் ஒடுக்கமும் இருக்கும், கால் தடுமாறக்கூடாது, உயரத்தைக் கண்டு தலைசுற்றக்கூடாது. வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் குடும்பமாகப் போகும் எண்ணத்தை விட்டுவிடவேண்டும். தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை பெரும்பாலும் இரண்டாவது வகை, ட்ருப்சுன் போன்ற இலகுவான பாதை உட்பட. தள்ளுவண்டி உள்ளே உருளாது. குழந்தையை முதுகில் சுமப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: சுமப்பவருக்கு வியர்க்கும்போது அசையாமல் இருக்கும் குழந்தை குளிரில் விறைத்துப்போகும், தொங்கும் கால்கள் முதலில். அரை மணிக்கொருமுறை கையால் தொட்டுப் பார்த்து, இறக்கி விடவேண்டும். ஒடுங்கிய இடங்களில் ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கு. இரண்டு பெரியவர்களும் ஐந்து பிள்ளைகளும் என்றால் வேறு பாதை தேடவேண்டும்.

பூங்காவின் சட்டங்கள் நம்மவர்களைத் திகைக்க வைப்பவை. 1914 ஓகஸ்ட் 1ஆம் திகதி தொடங்கிய பூங்கா இது; பரப்பு சுமார் 170 சதுர கிலோமீற்றர். அன்றிலிருந்து அங்கே மரம் வெட்டுவதில்லை, மாடு மேய்ப்பதில்லை, வேட்டையும் இல்லை. பாதையை விட்டு ஓரடியும் விலகக்கூடாது. மஞ்சள் அடையாளமிட்ட இளைப்பாறும் இடங்களில்தான் உட்காரலாம். பூ, கல், பைன் காய், உதிர்ந்த கொம்பு எதையும் எடுக்கக்கூடாது. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டும் போக முடியாது. நெருப்பு மூட்டக்கூடாது, ஆகவே கோழி வாட்டும் திட்டத்தை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன், சைக்கிள், கூடாரம் எதுவும் கூடாது. குப்பையைக் கையோடு கொண்டுவர வேண்டும். நுழைவுக் கட்டணம் மட்டும் கிடையாது. சட்டத்தைப் பிள்ளைகளுக்கு வாசலில் வைத்துச் சொல்வதைவிட முதல் நாள் வீட்டில் சொல்வது மேல். வாசலில் சொன்னால் அழுகைதான் மிஞ்சும்.

பட்டுப்போன மரத்தையும் அங்கே யாரும் அகற்றுவதில்லை என்பதால் காற்று வீசும் நாளில் அவை முறிந்து விழும். அத்தகைய மரங்களுக்குக் கீழே சாப்பாட்டை விரிக்கவேண்டாம்.

சப்பாத்து விஷயத்தில்தான் அதிகம் பிழை நடக்கிறது. அடிப்பாகம் வழுவழுப்பான வெள்ளைச் சப்பாத்து ஏறும்போது ஏமாற்றிவிடும்; இறங்கும்போது சரளைக் கல்லில் வழுக்கும். கணுக்காலை மூடும் சப்பாத்தாயினும் நாடாவை ஒரே கட்டாகக் கட்டிவிட்டு நாள் முழுக்க நடக்கக்கூடாது. ஏறும்போது குதிகால் உரசும். இறங்கும்போது பாதம் முன்னுக்குப் போய்ப் பெருவிரல் இடிக்கும், இரண்டு நாளில் நகம் கறுக்கும். இறங்கத் தொடங்கும் இடத்தில் பிள்ளையை உட்காரவைத்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் வளைவில் நாடாவை இறுக்கிக் கட்டிவிடுங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். 'சுடுகுது' என்று பிள்ளை சொன்ன உடனே நின்று ஒட்டுப் போடவேண்டும். கொப்புளம் உடைந்தபின் ஒட்டுவதில் பயன் குறைவு.

ஜீன்ஸ் நனைந்தால் காயாது, உடற்சூட்டை உறிஞ்சிவிடும். 1000 மீற்றர் ஏற வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை குறையும். அடிவாரத்தில் 22 என்றால் மேலே 16, காற்றும் சேர்ந்தால் இன்னும் குளிரும். ஆளுக்கொரு மழை மேலங்கி, ஒரு கம்பளிச் சட்டை, தொப்பி, வெயிற் பூச்சு. வளர்ந்தவருக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், பிள்ளைக்கு முக்கால் முதல் ஒரு லீற்றர். பார்சல் சோறு வேண்டாம்: பாரம், கையலம்பத் தண்ணீர் வேண்டும், சாப்பிட்டதும் கண் சொருகும். சீனிச்சம்பல் வைத்த பாண், பேரீச்சம்பழம், கச்சான் போதும். சிறிது சிறிதாக, மணிக்கொருமுறை. உண்ணி பிடுங்கும் இடுக்கி, காயத்துக்குக் கட்டுப்போட முக்கோணத் துணி, மெல்லிய அவசரப் போர்வை மூன்றும் பையில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் பார்த்து உண்ணியை எடுத்துவிடவேண்டும்.

பூங்காவுக்குள் மாடு இல்லை. ஆனால் அதற்குப் போகும் வழிகளில் மேய்ச்சல் நிலம் வரும். கன்றுள்ள பசுவுக்கும் கன்றுக்கும் இடையில் போகவே கூடாது, கன்றைத் தடவவும் கூடாது. ஓநாயிடமிருந்து காக்க மந்தையோடு விட்டிருக்கும் காவல் நாய் குரைத்து வந்தால் ஓடாமல், கைத்தடியை ஆட்டாமல், பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு நின்று, அது அமைதியானதும் மந்தையைச் சுற்றிப் போகவேண்டும்.

கோடையில் இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு. காலையில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். பள்ளத்தாக்குகளில் கைபேசித் தொடர்பு பல இடங்களில் கிடைக்காது; வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும். விபத்தென்றால் ரேகா வான்வழி மீட்பு 1414, அல்லது எந்த வலையமைப்பிலும் பிடிக்கும் 112. ஹெலிகொப்டர் வந்தால் இரு கைகளையும் மேலே விரித்து உயர்த்தினால் 'உதவி வேண்டும்' என்று பொருள். ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாகச் சரிவாக நீட்டினால் 'வேண்டாம்'. பிள்ளைகள் விளையாட்டாகக் கையாட்டினால் விமானி குழம்பக்கூடும்.

பூங்காவை அடுத்துள்ள ஸ்-சான்ஃப், செர்நெட்ஸ் ஊர்கள் இரண்டுக்கும் ரேத்தியன் ரயில் போகிறது. செர்நெட்ஸிலிருந்து ஓஃபன் கணவாய் வழியாகப் போகும் மஞ்சள் பஸ் பூங்காவின் மற்றப் பாதைகளின் தொடக்கங்களில் நிற்கும். 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பயணச்சீட்டு வேண்டாம். 16 வயது வரை, தாயோ தகப்பனோ கூட வந்தால், ஓராண்டுக்கான ஜூனியர் அட்டை போதும்.

அடுத்த முறை ஒரு நடையை அச்சிடும்போது, கைகாட்டி நேரத்துக்குப் பக்கத்தில் பாதையின் நிறம், மொத்த ஏற்றம், பாதியில் திரும்பக்கூடிய இடம், கடைசி பஸ்ஸின் நேரம் நான்கையும் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வரி இடம் போதும். ஜூனில் மேற்பாதைகளில் பனி கிடக்கும் என்பதால், புறப்படும் நாள் காலையில் செர்நெட்ஸில் உள்ள பூங்காவின் பார்வையாளர் நிலையத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளும்படியும் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கூர், சுவிற்சர்லாந்து