பள்ளித் தொலைநோக்கியைக் கழிவு செய்யாமல் மின்விசிறி பொருத்த அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
வானியல் ஆர்வலர்கள், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்கள்

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்

பொருள்: அரசு மேல்நிலைப் பள்ளியின் 8 அங்குலத் தொலைநோக்கிக்கு மின்விசிறி, பனி தடுக்கும் சூடேற்றி பொருத்த அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடலோரத்தில் உள்ள எங்கள் ஊர்ப் பள்ளியின் டாப்சோனியன் தொலைநோக்கியில் (குழாயின் அடியில் உள்ள பெரிய ஆடியால், அதாவது முதன்மைக் கண்ணாடியால், ஒளியைக் குவிக்கும் வகை) உருவம் கலங்குகிறது, கண்ணாடி வேர்க்கிறது என்று காரணம் காட்டி, அதைக் கழிவுப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்திருப்பதாக அறிகிறோம். கண்ணாடியில் பழுது எதுவும் இல்லை. அதன் வெப்பநிலைதான் சிக்கல்.

பூட்டிய அறையில் பகலெல்லாம் சூடேறிய தடித்த கண்ணாடி, வெளியே எடுத்ததும் ஆறிவிடாது. சுற்றியுள்ள காற்றைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக இருந்தாலே போதும். கண்ணாடியின் முகத்தில் வெதுவெதுப்பான காற்றுப்படலம் எழுந்து அலைபாயும். வியாழனின் பட்டைகளும் சனியின் வளைய இடைவெளியும் அதில் கரைந்துவிடுகின்றன. தானாக ஆற ஒன்றரை, இரண்டு மணி நேரமாகும். அதற்குள் மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதற்கு 120 மி.மீ. அளவுள்ள 12 வோல்ட் கம்ப்யூட்டர் கேபினட் ஃபேன் ஒன்று போதும். குழாயின் அடிப்பகுதியில், முதன்மைக் கண்ணாடியின் முதுகில் காற்று படும்படி வைக்க வேண்டும். ஃபேனைச் சுற்றியுள்ள இடைவெளியை ஃபோம் அட்டையால் அடைக்காவிட்டால் காற்று பக்கவாட்டில் நழுவி வீணாகும். கண்ணாடியின் சாய்வைச் சரிசெய்யும் சீரமைப்புத் திருகுகளுக்குக் கை எட்டும் இடம் விட வேண்டும். ஃபேனைத் திருகி இறுக்கினால் அதன் அதிர்வில் நட்சத்திரம் கோடாகத் தெரியும்; எனவே ரப்பர் பேண்டில் தொங்கவிடுவோம். குழாயில் துளை எதுவும் போட மாட்டோம்.

பனி விஷயம் வேறு. திறந்த வானத்துக்கு வெப்பத்தை இழந்து, காற்றைவிடக் குளிர்ந்துவிடும் கண்ணாடியில்தான் பனி படியும். குழாயின் வாயருகே இருந்து, ஒளியைப் பார்ப்பவர் பக்கம் திருப்பும் சிறிய இரண்டாம் கண்ணாடி முதலில் மங்குவது இதனால்தான். மார்கழி, தை மாதப் பனியில் ஃபேன் மட்டும் போதாது. 470 ஓம், அரை வாட் ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்) ஆறினை இணையாக இணைத்து இரண்டாம் கண்ணாடியின் முதுகில் ஒட்டினால், 12 வோல்ட்டில் 2 வாட்டுக்கும் குறைவான இளஞ்சூடு கிடைக்கும். ஃபேன், சூடேற்றி இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 0.35 ஆம்பியர்தான் செலவு. 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் யூபிஎஸ் பேட்டரி ஒரு மாலை நிகழ்ச்சிக்குத் தாராளம்.

ஏசி போட்ட கணினி ஆய்வகத்தில் தொலைநோக்கியை வைக்கும் யோசனையையும் கைவிட வேண்டுகிறோம். 20 டிகிரியில் குளிர்ந்த கண்ணாடியைக் கடற்காற்றில் திறந்தால் அந்த நொடியே நீர் கோக்கும். அப்போது ஃபேனைப் போட்டால் ஈரக்காற்றை மேலும் கொண்டுவந்து கொட்டும். அந்த ஈரத்தைத் துணியால் துடைத்தால் தூசி உரசி அலுமினியப் பூச்சில் கீறல் விழும். அந்தச் சேதத்தை மறுபூச்சு இல்லாமல் சரிசெய்ய முடியாது.

இருப்புப் பதிவேட்டில் உள்ள பொருள் என்பதால் தங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் யாரும் கைவைக்க இயலாது. ஆகவே கழிவுப் பரிந்துரையை நிறுத்தி வைக்கவும், மேற்கண்டவற்றைப் பொருத்த அனுமதிக்கவும், ஜன்னல் உள்ள, ஏசி இல்லாத அறை ஒன்றை ஒதுக்கவும் கேட்டுக்கொள்கிறோம். பொருள்களையும் உழைப்பையும் நாங்களே தருகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

இணைப்பு: வயரிங் படம், பொருள்களின் பட்டியல்