முட்டி வலி போயிடுச்சுன்னு விட்டுடாத தம்பி

தம்பி கண்ணு,

நேத்து போன்ல பேச்சுவாக்குல சொன்ன பாரு, 25,000 அடி உயரத்துல ப்ளேனோட பின்கதவத் திறந்து சாமான் போடுற ட்ரெயினிங்ல வலது முட்டிக்குள்ள குடைஞ்சுது, கீழ எறங்கறதுக்குள்ள சரியாப் போச்சும்மான்னு, அதக் கேட்டதுலருந்து எனக்குத் தூக்கம் இல்ல. டாக்டர்ட்ட சொன்னியான்னா பேச்ச மாத்திட்ட. பறக்க விடமாட்டாங்கன்னு பயம், எனக்குப் புரியாதா.

ஆனா நான் ஹைபர்பேரிக் சேம்பர்ல, அதான் காத்தழுத்தத்த ஏத்தி ஆக்சிஜன் குடுத்து வைத்தியம் பாக்குற மூடின அறையில, 11 வருஷம் நர்ஸா இருந்தவ டா. இது சும்மா மூட்டு வலி இல்ல, காத்தழுத்தம் கொறையறதால வர்ற டிகம்ப்ரஷன் சிக்னஸ். உடம்புல நைட்ரஜன் கரைஞ்சு கெடக்கு, 18,000 அடிக்குப் போனாலே காத்தழுத்தம் பாதிதான், அப்ப அது சோடாவத் திறந்த மாதிரி குமிழா கெளம்பும். மூட்டுல நின்னா வலி, நெஞ்சுக்குப் போனா வறட்டு இருமலு மூச்சுத் திணறலு, மூளை தண்டுவடம்னு போனா கண்ணு மங்கும், கை கால் மரத்துப் போகும். கீழ வந்தா குமிழி சுருங்கும், நெறைய பேருக்கு அதோட சரி, சிலருக்கு பல மணி நேரம் கழிச்சு திரும்ப ஆரம்பிக்கும்.

உன் வயசுப் பையன் ஒருத்தன் இப்பிடித்தான் வலி போச்சுன்னு படுத்துட்டான், காலைல ஷூ லேஸ் கட்ட விரல் வரல. சேம்பருக்குள்ள அவன்கூட நான்தான் உக்காந்தேன், ஆக்சிஜன் இருக்கற எடம், தீப்பிடிச்சுக்கும்னு தலைக்கு எண்ணெய் கூட வைக்காம, காட்டன் துணி மட்டும் போட்டுக்கிட்டு. 60 அடி கடல் ஆழத்து அழுத்தம், காது அடைச்சுக்கும், 20 நிமிஷம் மாஸ்க்ல ஆக்சிஜன், 5 நிமிஷம் சாதா காத்து, அப்பறம் மெதுவா 30 அடிக்குக் கொண்டுவந்து அங்கயும் ஆக்சிஜன், மொத்தம் கிட்டத்தட்ட 5 மணி நேரம். மூணாவது தடவ மாஸ்க் போட்டிருக்கறப்ப கவுன் நாடாவ அவனே முடிச்சுப் போட்டுக் காட்டினான், எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவன் திரும்பப் பறக்கவும் போனான் தம்பி.

ஏறுறதுக்கு முன்னாடி உடம்புல இருக்கற நைட்ரஜன் வெளிய போகட்டும்னு ஆக்சிஜன் இழுக்கச் சொல்றாங்கல்ல, பேசறதுக்குன்னு நடுவுல மாஸ்க்கக் கழட்டாத, நாலு மூச்சு வெளிக்காத்து போனாலும் நைட்ரஜன் திரும்ப ஏறிக்கும். மறுபடி வலிச்சா முட்டியத் தேய்க்காத, மடக்காத, முழு ஆக்சிஜன் போட்டுக்கிட்டு உடனே கேப்டன்ட்ட சொல்லு. லீவுல ஸ்கூபா போறேன்னியே, முங்கி எந்திரிச்சா 24 மணி நேரம் ஃப்ளைட் ஏறக்கூடாது.

இந்த லெட்டரப் படிச்ச கையோட டாக்டரப் போய்ப் பாரு, பாக்குற வரைக்கும் ஏறாத. பாத்துட்டு போன் பண்ணு, எத்தன மணியானாலும் எடுப்பேன்.

அம்மா