முதல் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனா வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி திறந்ததும் பிள்ளைகளின் நோட்டு முதல் பக்கத்தை அலங்கரிப்பது வீட்டுக்கு வீடு நடக்கும் வேலை. அதில் பாதி வீணாவது ஸ்கெட்ச் பேனாவால்தான். அதன் மை நீர் கலந்தது. மெல்லிய தாளில் ஊறிப் பின்பக்கம் வரை இறங்கும். பிறகு இரண்டாம் பக்கத்தில் எதையும் எழுத முடியாது. கலர் பென்சிலே போதும். ஸ்கெட்ச்தான் வேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்தால், எழுத்தின் வெளிக்கோட்டுக்கு மட்டும் கொடுங்கள். அடியில் ஒரு பழைய தாளை வையுங்கள். மெழுகுக் கிரேயான் ஊறாது, ஆனால் அட்டையின் உட்புறத்தில் அப்பிக்கொள்ளும்.

முதலில் பென்சிலால் லேசாகக் கோடு போடுங்கள்: தையல் பக்கம் 2 செ.மீ., மற்ற மூன்று பக்கமும் 1 செ.மீ. ஓரம் விடலாம். மூலைகளில் 3 புள்ளி 3 வரிசைச் சிறு கோலம் அழகாக அமையும். பெயர், வகுப்பு, பிரிவு, பாடம் நடுவில். பெயரின் எழுத்துகளை எண்ணி, நடு எழுத்திலிருந்து இருபுறமும் எழுதினால் கடைசி எழுத்து நெருங்காது. (‘கௌ’ போன்றவை மூன்று இடம் பிடிக்கும்!)

படம் ஒட்டுவதற்குத் தண்ணீர்ப் பசை வேண்டாம், தாள் சுருங்கும். குச்சிப் பசையைத் தடவிப் புத்தகத்தின் அடியில் அரைமணி நேரம் வையுங்கள். ஜிகினாத்தூள் எப்படி ஒட்டினாலும் உதிரும்.

சரியில்லை என்று கிழித்துவிடாதீர்கள். நடுவில் பின் அடித்த நோட்டில் முதல் தாளும் கடைசித் தாளும் ஒன்றே. ஒன்றைக் கிழித்தால் மற்றது கழன்று வரும். மேலே வெள்ளைத்தாள் ஒட்டி மறுபடி வரையலாம்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்கள் சிலர்